ஒரு சாண் கார்

போன மாதம், எனக்கே தெரியாமல் நான் ஒரு கார் வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் என் மனைவியின் தம்பி குணா.

"வாழ்த்துகள் அத்தான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்த்தினதற்காக அல்ல, 'அத்தான்' என்று கூப்பிட்டதற்காக. கல்யாணமான நாளிலிருந்து குணாவுக்கு நான் வெறும் 'மச்சான்'. அதுவும் "என்ன மச்சான், இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்று, ஏதோ நாள்பட்ட நோயை விசாரிப்பது போலக் கேட்கிற மச்சான். திடீரென்று ஏன் இந்தப் பதவி உயர்வு?

"எதுக்குப்பா வாழ்த்து?"

"சும்மா நடிக்காதீங்க அத்தான். வெள்ளைக் கலர்... ஜெர்மன் கார்... ஒரு வார்த்தை சொன்னீங்களா? குரூப்புல போட்டோவைப் பார்த்ததிலேர்ந்து இங்க ஒருத்தரும் ஒழுங்கா பசியாறல லா!"

வாயில் நுரையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். குடும்பக் குழுவில் நான் போட்ட படம். அதற்குக் கீழே வாழ்த்துகள், கைகூப்பிய பொம்மைகள், பட்டாசுகள். பினாங்கில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் நெடுநாள் கழித்து உயிரோடு இருப்பதைத் தெரிவித்திருந்தார். விசாரணை வேறு — "எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தியாச்சா?"

என் கார் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாது. இரண்டும் மோதினால் எலுமிச்சம்பழம்தான் ஜெயிக்கும்.

விஷயம் இதுதான். இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — என்னிடம் டிரைவிங் லைசென்ஸ் உண்டு, கார் கிடையாது. இந்த ஊரில் கார் வாங்குவதற்கு முன்னால், கார் வாங்குகிற உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும், அதுவும் பத்து வருஷத்துக்குத்தான். அந்த உரிமைக்குக் கொடுக்கிற விலையில் வேறு ஊர்களில் காரும் வாங்கி, டிரைவரும் வைத்து, டிரைவருக்குக் கல்யாணமும் செய்துவைக்கலாம். ஆகவே நான் ஈசூனிலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் போகிறேன், எம்.ஆர்.டி.யில் வருகிறேன். கார் ஆசை மண்டைக்கு ஏறினால் மாடல் கார் வாங்கிக்கொள்கிறேன்.

நிஜக் காரை அப்படியே பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கியது. நீளம் ஒரு சாண். கதவு திறக்கும். ஸ்டியரிங்கை நகத்தால் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். வாங்கி அலமாரியில் வைத்தால் அது பொம்மை. விளக்குப் போட்டுப் படம் எடுத்தால் அது கார். எனக்குப் பிடித்த பைத்தியம் அந்த இரண்டாவது வரிதான்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஸ்டூடியோ. மேசை மேல் ஒரு கறுப்புக் கிரானைட் பலகை — கிச்சன் புதுப்பித்தபோது மிஞ்சியது. அதில் தண்ணீரை ஸ்பிரே பண்ணினால் மழை பெய்து ஓய்ந்த ரோடு. காருக்கு மேலே, கேக் சுடுகிற பேக்கிங் தாளைப் பந்தல் மாதிரி கட்டி, அதற்கும் மேலே ஒரு விளக்கு. வெளிச்சம் தாளில் பரவி இறங்கும்போது பானெட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நீளமாக ஓடும் பாருங்கள்... விளம்பரங்களில் கார்கள் பணக்காரத்தனமாக இருப்பது அந்தக் கோட்டினால்தான். பின்னால் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து, அதில் வண்ணச் சரவிளக்கின் ஒளி பட்டுச் சிதறும்படி செய்து, ஃபோகஸ் இல்லாமல் விட்டால் — தீபாவளி மாதத்தில் விளக்குத் தோரணம் கட்டிய தேக்கா கடைத்தெரு! பனிமூட்டத்துக்கு இரண்டு ஊதுபத்தி.

பிறகு திரைச்சீலைகளை இழுத்து வீட்டை இருட்டாக்கி, கேமரா ஷட்டரைத் திறந்தபடி வைத்துவிட்டு, கறுப்புத் தாளைச் சுருட்டிய குழாய்க்குள் டார்ச்சைச் செருகி, காரின் விளிம்புகளில் மட்டும் வெளிச்சத்தைத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஒளியில் கோலம் போடுகிற வேலை இது. கை நடுங்கினால் கோணல்மாணல். ஃபேன் போடக் கூடாது, புகை கலைந்துவிடும். நட்டநடுப் பகலில், கதவு ஜன்னல் எல்லாம் மூடி, பனியன் பிழியப் பிழிய நனைந்து நான் ஒரு பொம்மைக்கு டார்ச் அடித்துக்கொண்டிருப்பதை என் மனைவி வசந்தா பல வருஷமாகப் பார்த்துவருகிறாள்.

"சாமிக்கு ஒரு பத்தி, பொம்மைக்கு ரெண்டு பத்தியா? நல்லா இருக்குங்க உங்க பக்தி" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அப்படி எடுத்த படம்தான் அது. நம்பர் பிளேட்கூட நானே பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தேன். மாடல் கார் பைத்தியங்களுக்கு என்று தனியாக ஒரு குழு இருக்கிறது. அதில் போட வேண்டியதை, கண்ணாடி போடாமல், குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன். படத்துக்குக் கீழே இரண்டே இரண்டு வாக்கியம் எழுதியிருந்தேன்.

'வெள்ளை வந்தாச்சு. அடுத்த மாசம் கறுப்பு.'

சும்மா இருப்பார்களா சொந்தக்காரர்கள்?

வாயைக் கொப்பளித்துவிட்டு உடனே மறுப்பு அறிக்கை தட்ட ஆரம்பித்தேன். 'அன்பு உறவுகளே, அது உண்மையான...' வரை வந்திருப்பேன். வசந்தா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இப்ப என்ன அவசரம்?"

"பொய்யில்லையா அது?"

"நீங்க பொய் சொன்னீங்களா? கார் வந்துச்சுன்னு போட்டீங்க. கார்தானே வந்துச்சு? வேற எதாச்சும் வந்துச்சா?"

"வசந்தா..."

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் குணா என்ன செய்வான் தெரியும்ல? 'அக்காவை யாராச்சும் டிராப் பண்ணிடுங்க லா'ன்னு கூட்டத்துக்கு நடுவுல சத்தம் போடுவான். உடனே ஒவ்வொருத்தரும் போனைப் பார்ப்பாங்க. நான் கையில சாப்பாட்டு டப்பாவோட, யாரு நம்மளை ஏத்திக்குவாங்கன்னு நிப்பேன். எம்.ஆர்.டி.யில போறேன்னு சொன்னாலும் விடமாட்டான். இன்னைக்கு உங்ககிட்ட பேசுறதுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணான். 'ஷாமினி கல்யாணத்தன்னைக்குச் சித்தியை நீதாங்க்கா டிராப் பண்ணணும்'னான். என்னைப் போயி ஒருத்தன் டிராப் பண்ணச் சொல்லிக் கேக்குறான்..."

கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

"கல்யாணம் வரைக்கும் இருக்கட்டுமே. அப்புறம் வித்துட்டோம்னு சொல்லிக்கலாம்."

ஷாமினி, குணாவின் ஒரே மகள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நான் போனைக் கேட்டு வாங்கவில்லை. மனைவி ஒருத்தி இத்தனை வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டு எனக்குச் சாம்பார் ஊற்றியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த சில நாள்கள் வசந்தா போனில் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

"வண்டி எங்கக்கா நிக்குது, கீழ கார்பார்க்குலயா?"

"இல்லப்பா, வெளியில விடுறதே இல்ல. மழை வெயில் படாம உள்ளேயே வச்சிருக்கார்."

"பெட்ரோல் எப்படிக் குடிக்குது?"

"இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தல."

"ஓ... எலக்ட்ரிக்கா!"

எதிர்முனையில் மரியாதை இன்னும் ஒரு படி ஏறும்.

"அத்தான் நல்லா ஓட்டுறாரா?"

"ஓட்டுறாரா? அதைத் தொடைக்கவே அவருக்கு நேரம் பத்தல."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறதே — யாராவது புதுக் கார் எடுத்தால், காரைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள். அந்த நாலு இலக்கத்தை எழுதிக்கொண்டு நேராக லாட்டரிக் கடை வரிசைக்குப் போவார்கள். விபத்தில் சிக்கிய கார் நம்பரையும் விட மாட்டார்கள். இதில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற வேற்றுமையே கிடையாது. இன நல்லிணக்கத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை மாலை அந்த வரிசைக்குப் போங்கள்.

என் பிளேட்டில் இருந்தது, கைக்கு வந்தபடி நான் அடித்த நம்பர். குணா அதைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்து, அந்த நம்பரில் சீட்டு வாங்கியிருக்கிறான்.

விழுந்துவிட்டது.

முதல் பரிசெல்லாம் இல்லை. ஆறுதல் பரிசு. ஆனால் குணாவுக்கு ஆயுசில் முதல் முறை. அன்று சாயங்காலமே குழுவில் அறிவித்துவிட்டான்: 'அத்தான் கார் ராசியான கார்!'

கவனித்தீர்களா? பணக்காரக் காரை மன்னித்துவிடலாம். பொறாமைப்பட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ராசியான காரை யாரும் விட மாட்டார்கள். ஒருவர் தன் மகனின் பரீட்சைக்கு முன்னால் காரை ஒரு தடவை தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். இன்னொருவர் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கப் போகும்போது கார் முன்னால் போனால் போதும், தான் பின்னால் டாக்சியில் வருவதாகச் சொன்னார்.

குணா எல்லாருக்கும் ஒரு படி மேலே போனான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது போன் பண்ணினான்.

"அத்தான், ஒரு முடிவு எடுத்துட்டேன். பொண்ணு உங்க கார்லதான் மண்டபத்துக்கு வர்றா. வாடகைக் காரை கேன்சல் பண்ணிட்டேன்."

"கேன்சலா?!"

"ஆமா அத்தான். ராசியான கார் குடும்பத்துலயே இருக்கும்போது எவனோ ஒருத்தன் கார் எதுக்கு? சம்பந்தி வீட்டுலயும் சொல்லிட்டேன். நம்ம சொந்தக் கார்னு. பூக்காரர் அளவு கேக்குறார், பானெட் எத்தனை அடி இருக்கும்?"

அடிக் கணக்கில் என்ன சொல்வது?

போனை வைத்துவிட்டு வசந்தாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கல்யாணச் சீசன், நல்ல முகூர்த்த நாள். பூ வைத்த வாடகைக் கார்கள் எல்லாம் மாதக் கணக்கில் முன்பதிவு. கேன்சல் பண்ணின கார் அடுத்த நிமிஷமே வேறு மணப்பெண்ணுக்குப் போயிருக்கும். ஒரு பெண் கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு அடுக்குமாடி புளோக்குக் கீழே வந்து நிற்பாள். வரப்போவது ஒரு சாண் கார்.

"நம்மளால அந்தப் புள்ள கல்யாணத்துல அசிங்கப்படக் கூடாதுங்க" என்றாள் வசந்தா. "எடுங்க அதை. நானே போயிச் சொல்றேன்."

அன்று மாலையே கிளம்பினோம். ஈசூனிலிருந்து பாசிர் ரிஸ்ஸுக்கு ரயில் மாறி மாறி. கார் ஒரு பைக்குள், அவள் மடியில் இருந்தது.

குணா வீட்டில் கல்யாணக் களை. தட்டுகள், பைகள், ஜிகினாத் தாள். குணா வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தான்.

"வாங்க அத்தான், வாங்கக்கா! வண்டியை எங்க விட்டீங்க? விசிட்டர் லாட் கெடைச்சுதா?"

வசந்தா நேராக உள்ளே போனாள். பையிலிருந்து காரை எடுத்தாள். மேசையில், தாம்பூலப் பைகளுக்கு நடுவே வைத்தாள்.

"இதாண்டா கார்."

குணா அதைப் பார்த்தான். குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அந்த நம்பர் அவனுக்கு மறக்குமா? மெல்ல நிமிர்ந்தான்.

"மீதி எங்க அத்தான்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கியதில் இருமல் வந்துவிட்டது.

"மீதின்னு ஒண்ணும் இல்லப்பா. இவ்வளவுதான். இதைத்தான் படம் எடுத்தேன். நீங்கள்லாம் தப்பா..."

"என்ன மச்சான் இது?"

சரி. பதவி போய்விட்டது.

குணா கத்த ஆரம்பித்தான். சம்பந்தியிடம் சொல்லியாயிற்று. அழைப்பு கொடுத்த வீட்டிலெல்லாம் சொல்லியாயிற்று. இப்போது பெண்ணை எதில் ஏற்றி அனுப்புவது? "வெளையாட்டா இருக்கா உங்களுக்கு? அக்கா, உனக்குமா தெரியும்? தெரிஞ்சும் சொல்லலியா நீ? சொந்தத் தம்பிகிட்டயே இப்படி ஒரு..."

"ஆமாடா, தெரியும்" என்றாள் வசந்தா. "தெரிஞ்சுதான் சொல்லல. ஏன்னு கேளு. இந்தக் காரு வந்ததிலேர்ந்து நீ எனக்கு எத்தனை தடவை போன் பண்ணே? காலையில பண்ணே, ராத்திரி பண்ணே, 'சாப்பிட்டியாக்கா'ன்னுகூட கேட்டே. அதுக்கு முன்னாடி எப்ப பண்ணே, சொல்லு. எனக்கு ஆபரேஷன் பண்ணப்ப ஒரு மெசேஜ் போட்டே. அதுவும் எல்லாரும் இருக்குற குரூப்புல."

குணா மேசையிலிருந்த ஒரு தாம்பூலப் பையை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

"தப்புதான். உன் மக கல்யாணத்துல வச்சு இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. ஆனா எனக்கு நல்லா இருந்துச்சுடா. அக்காவா இருக்க நல்லா இருந்துச்சு."

ஜிகினாத் தாள் ஃபேன் காற்றில் சரசரத்தது. எனக்கு ஓடிப்போய் லிஃப்ட்டில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

அப்போது ஷாமினி வந்தாள். கை நிறைய மருதாணி, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி. அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மேசை மேல் குனிந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாமா... அந்த போட்டோ இதையா எடுத்தீங்க? சீரியஸ்லி?"

"ஆமாம்மா."

"ஹௌ லா! அந்த ரோடு, அந்த மழை?"

"கிரானைட். ஸ்பிரே."

அவள் சிரித்த சிரிப்பில் மருதாணி கன்னத்தில் பட்டுவிட்டது. "அப்பா, ரிலாக்ஸ். நான் ஆப்ல ஒரு ஆறு சீட்டர் புக் பண்ணிக்கிறேன். பின்பக்க சந்துல இறங்கிக்கலாம், யாரும் பார்க்க மாட்டாங்க."

"பூ வச்ச கார்ல இறங்குறதை எல்லாரும் பார்க்கணும்மா..."

"யாருப்பா காரைப் பார்க்கப் போறா? எல்லாரும் போட்டோவைத்தான் பார்க்கப் போறாங்க. மாமா, நான் இந்தக் கார் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?"

வாசகர்களே, என் இத்தனை வருஷப் பைத்தியத்தில் முதல் முறையாக ஒரு ஆள் என்னிடம் உருப்படியான கேள்வி கேட்டது அப்போதுதான்.

கல்யாணத்தன்று, அதாவது போன ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் மண்டபத்தின் திறந்தவெளி கார்பார்க்கில் நான் பட்டு வேட்டியோடு தரையில் படுத்திருந்தேன்.

வித்தை இதுதான். கார் கேமராவுக்குப் பக்கத்தில், ஷாமினி அதைவிடப் பதினெட்டு மடங்கு தூரத்தில். இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவாகிவிடும். முக்காலி மேல் ஒரு பலகை, பலகை மேல் உப்புத்தாள் — கேமராவைத் தாழ வைத்துப் பார்த்தால் உப்புத்தாள் நிஜத் தார்த் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய கேமரா இதற்கு உதவாது. கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒன்றாகத் தெளிவாக விழ வேண்டும், அதற்குப் போன் கேமராதான் சரி. வெயில் இரண்டு பேருக்கும் பொது. ஆனால் காரின் என் பக்கம் இருட்டாக இருந்தது. நிழலில் கிடக்கிற கார் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். வெளிச்சத்தை எதிலாவது வாங்கித் திருப்ப வேண்டும்.

"டேய் குணா, அந்தச் சீர்த்தட்டைக் காலி பண்ணிக் கொண்டா" என்றாள் வசந்தா.

பெண்ணைப் பெற்றவன், கோட்டு சூட்டோடு, பளபளவென்று ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி... அவ்வளவு இல்ல... கை ஆடாம நில்லுடா" என்று அக்கா அதட்டிக்கொண்டிருந்தாள். அவனும் "சரிக்கா, சரிக்கா" என்று சாய்த்துக்கொண்டிருந்தான். கதவில் அந்த வெள்ளைக் கோடு நீளமாக விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்று, கண்ணாடி இறங்கியது.

"அங்கிள், இந்த லாட் காலியா?"

"இல்லை, கார் நிக்குது" என்றேன் படுத்தபடியே. அவர் முக்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"ஷாமினி, கொஞ்சம் இடது... கையை இறக்கும்மா... இன்னும்... அப்படியே பிடி!"

தூரத்தில் மணப்பெண் காற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் போன் திரையில் அவள் வெள்ளைக் காரின் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டி முடிந்து, பந்தி நடக்கும்போது, மண்டபத்துப் பெரிய திரையில் படங்கள் ஓடின. அந்தப் படமும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

நான் எழுதுவதை நம்பினால் நம்புங்கள். பெண் பின்சந்தில் வந்து இறங்கினாள். அதைப் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "கார் உள்ள ஏசி ஜில்லுனு இருந்துச்சு." இன்னொருவர் இன்னும் பொறுப்பானவர். "கூட்டத்துல அவருக்கு இடம் கெடைக்கல. நான்தான் கையைக் காட்டி ரிவர்ஸ் எடுக்க விட்டேன்" என்றார். காரை நேரில் தொட்டுப் பார்த்து, மகனுக்காக வேண்டிக்கொண்டவரும் ஒருவர் இருந்தார். எதைத் தொட்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சம்பந்தி — மாப்பிள்ளையின் அப்பா — அதிகம் பேசாத மனிதர். ஜூரோங்கில் சொந்தமாக லாரி வைத்து நடத்துகிறவர். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குணாவிடம் திரும்பினார்.

"வண்டி யாரோடது?"

எனக்கு ரசம் புரையேறியது. குணா இலையைப் பார்த்தான். பிறகு எதிர்ப்பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த வசந்தாவைப் பார்த்தான்.

"எங்க அக்காவோடது" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். இந்த மாதிரிக் கூட்டத்தின் நடுவில் அவன் இவ்வளவு நாளாக அவளைப் பற்றிச் சத்தமாகச் சொன்னதெல்லாம் வேறு. வசந்தா பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கிளம்புகிற நேரம். நம் மனிதர்களின் மரியாதை ஒன்று இருக்கிறதே! விருந்தாளியை வாசலோடு அனுப்ப மாட்டார்கள். கார் வரைக்கும் வந்து, கதவு சாத்தி, கையை ஆட்டினால்தான் அவர்களுக்குத் திருப்தி. சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கம்மா, வண்டி வரைக்கும் நானே வர்றேன்."

"ஐயோ, எதுக்குங்க சிரமம், நாங்க போயிக்கிறோம்" என்று நான் குறுக்கே விழுந்தேன். குணா தன் பங்குக்கு, கார் தூரத்தில் நிற்கிறது, வெயில் அதிகம், டிரைவர் வருகிறார் என்று மூன்று பொய்களை ஒரே மூச்சில் சொன்னான். சம்பந்தி கேட்கிறவராக இல்லை. செருப்பும் மாட்டிக்கொண்டுவிட்டார்.

வசந்தா எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையைத் திறந்தாள்.

"தூரமில்லண்ணே. இங்கதான் நிக்குது."

காரை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நாங்க எம்.ஆர்.டி.யிலதாண்ணே வந்தோம். எங்களுக்கு இருக்குறது இது ஒண்ணுதான். படத்துல வந்ததும் இதுதான். எங்க வீட்டுக்காரர் எடுத்தது."

குணா கண்ணை மூடிக்கொண்டான். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தேன்.

சம்பந்தி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மெதுவாகச் சாத்தினார். பிறகு வாசலுக்கு வெளியே நின்ற தன் பெரிய கறுப்புக் காரைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"அது எங்க வண்டி. அடுத்த மாசத்தோட பத்து வருஷ உரிமம் முடியுது. புதுப்பிக்கக் கட்டுப்படியாகல, உடைக்கக் கொடுக்கப் போறேன். கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும்னுதான் வச்சிருந்தேன். வீட்டுலகூட இன்னும் சொல்லல."

காரை வசந்தாவிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இதை உங்ககிட்டேர்ந்து யாரும் பிடுங்க முடியாதும்மா. பத்திரமா வச்சுக்குங்க."

பார்க்கப் போனால், அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவள் வசந்தா ஒருத்திதான்!